டீமேக்கர் ஐயா ஆற்றிய டீ

டீக்கடை வேலையில் பாய்லர் சுடுவதைவிட, தெரிந்த முகம் ஒன்று எதிரே வந்து நிற்பதுதான் அதிகம் சுடும். வேலை போய், அதைவிடச் சின்ன வேலையில் போய் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால் கட்டாயம் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் சும்மா படித்து வையுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பாக்டரியில் அதற்குள் பதினாலு வருடமாக நான் டீமேக்கர். டீ போட்டுக் கொடுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். பச்சைக் கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூளாகிப் பெட்டியில் ஏறும் வரை பாக்டரி முழுக்க என் பொறுப்பு. குவார்ட்டர்ஸ் உண்டு, வாசலில் ரோஜாச் செடி உண்டு, எதிரே வந்தால் குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்குகிற ஆட்களும் உண்டு. எஸ்டேட் கை மாறியது. புது முதலாளி கொழுந்தைப் பக்கத்து பாக்டரிக்கு அனுப்பினார், என்னை வீட்டுக்கு அனுப்பினார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பதால் அந்த வீடும் இல்லை. மனைவி சாரதாவின் அண்ணன் இருந்த, பொள்ளாச்சிப் பக்கத்து மீனாட்சிபுரத்துக்குப் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தோம்.

அங்கே பால் சொசைட்டிக்கு எதிரில் பழனியம்மாளின் டீக்கடை. அவர் பின்பக்கம் இட்லிக்கு மாவாட்ட, கணவர்தான் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு வலது கை விளங்காமல் போனதும் கடையை மூடுகிற நிலை வந்துவிட்டது. மச்சான் என்னை அங்கே தள்ளிவிட்டார். தற்காலிகம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பழனியம்மாளிடம் சொல்லவில்லை. தெரிந்த பாக்டரிக்கெல்லாம் ரகசியமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குடும்பத்தின் சோறு என் கையில், என் மனசோ தபால்காரர் கையில்.

முதல் கிளாஸ்

பாக்டரியில் தினமும் தூளின் தரம் பார்க்க டீக் கப்புகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போவேன். விழுங்கிக்கொண்டே போனால் கடைசிக் கப்பில் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. தொழில் அப்படி.

கடையில் முதல் நாள். பால் ஊற்றிவிட்டு வந்த ஆறேழு பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். முதல் கிளாஸைக் கலந்தேன். பழக்கதோஷம், ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சினேன், கண்ணை மூடி நாக்கில் உருட்டினேன், சாக்கடையில் துப்பினேன். போதாததற்கு உதட்டையும் பிதுக்கினேன். மூன்று எருமை வைத்திருக்கும் ராமசாமிக் கவுண்டர் கிளாஸுக்கு நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டு, மரியாதை குறையாமல் கேட்டார்:

“ஏனுங்க, போட்ட நீங்களே துப்பற டீய நாங்க எப்படீங்க குடிக்கறது?”

தங்க நிறம்

துப்புவதை விட்டேன். கர்வத்தை விடவில்லை. கடையில் போட்டுக்கொண்டிருந்தது கடைசித் தரத் தூள். நாங்கள் பாக்டரியில் கூட்டி ஒதுக்குகிற ரகம். இந்த ஜனங்களுக்கு உண்மையான டீ என்றால் என்னவென்று காட்டியே தீருவது என்று முடிவு செய்து, குமுளியில் இருந்த பழைய சிநேகிதருக்கு எழுதி, முதல் தரமான இலைத் தேயிலை கொஞ்சம் வரவழைத்தேன்.

அதைக் கொதிக்கவிடக் கூடாது. வெந்நீரை ஊற்றி மூடி வைத்து, பதமாக இறக்க வேண்டும். இறக்கினேன். தங்க நிறம், மலையே கடைக்குள் வந்த மாதிரி வாசனை. பால் சேர்த்தால் பாவம் என்று அப்படியே கிளாஸில் ஊற்றி, நாலு மைல் பால் சுமந்து வந்திருந்த மாராத்தாள் கையில் கொடுத்துவிட்டுப் பாராட்டுக்காகப் பக்கத்திலேயே நின்றேன். அந்த அம்மாள் கிளாஸுக்குள் எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிளாஸைப் பத்திரமாகத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

“தண்ணி நல்லாக் காஞ்சிருச்சுங்க. இனித் தூளப் போடுங்க.”

முத்தையா

நான் பயந்தது ஒரு நாள் நடந்தது. பொள்ளாச்சி பஸ் கடை முன்னால் நின்றது. இறங்கியவர்களில் எங்கள் பாக்டரி முத்தையா. நான் ருசி பார்த்து முடித்த கப்புகளைக் கழுவி அடுக்குவது அவன் வேலை. அவனையும் குறைத்துவிட்டிருந்தார்கள், தங்கச்சி வீட்டைத் தேடி வந்திருக்கிறான். நான் சட்டென்று மேஜைக்கடியில் குனிந்து, எதையோ தேடுகிற மாதிரி துழாவினேன். எவ்வளவு நேரம்தான் துழாவ முடியும்? நிமிர்ந்தபோது அவன் நேர் எதிரே நின்றிருந்தான். தோளில் கிடந்த துண்டு அதற்குள் இடுப்புக்கு வந்திருந்தது.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. டீ கொடுத்தேன். நின்றுகொண்டே, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். பிறகு பழைய வழக்கப்படி கிளாஸைக் கழுவத் தொட்டிப் பக்கம் போனான். நான் ஓடிப்போய்ப் பிடுங்கிக் கழுவி வைத்தேன். பாக்டரியில் மிச்ச டீ முழுவதும் தொட்டியில்தான் போகும், முத்தையா மாதிரி ஆட்களோ வீட்டிலிருந்து பாட்டிலில் வரக்காப்பி கொண்டு வந்து குடிப்பார்கள். ஒரு நாளாவது ‘ஆளுக்கு ஒரு கப் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு வெட்கப்பட்ட மாதிரி நான் அதற்கு முன்னும் வெட்கப்பட்டதில்லை, பின்னும் இல்லை. டீக்கடையில் நிற்பதற்காக அல்ல. முத்தையா வாயைத் துடைத்துக்கொண்டு, குறையாக அல்ல, சந்தோஷமாகத்தான் சொன்னான்:

“ஐயா டீயை பதினாலு வருசமா கீழ கொட்டித்தான் கழுவியிருக்கேன். இன்னைக்குத்தான் ஒரு வாய் குடிச்சுப் பாக்கேன்.”

காய்ச்சல்

அதற்குப் பிறகு மேஜைக்கடியில் குனிவதை விட்டுவிட்டேன். யாருக்கு ஸ்ட்ராங், யாருக்குச் சர்க்கரை தூக்கல் என்பதெல்லாம் கேட்காமலே கைக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒரு தடவை காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை ராமசாமிக் கவுண்டர் ஒரு காலை இழுத்துக்கொண்டு வீடு தேடி வந்தார். என் உடம்பைப் பற்றி விசாரித்துவிட்டு, தன் முழங்காலைத் தடவிக்கொண்டே வந்த காரியத்தைச் சொன்னார்.

“நீங்க வரலீன்னு எங்க ஊட்டு எருமைக்கே தெரிஞ்சு போச்சுங்க. நேத்துச் சாயங்காலம் டீ குடிக்காம கறக்க உக்காந்தேன், ஒதைச்சுப் போட்டுதுங்க.”

கடிதம்

இரண்டு வருடம் கழித்து, நான் கிட்டத்தட்ட மறந்துவிட்ட சமயத்தில், ஏலப்பாறைப் பக்கத்து பாக்டரி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. டீமேக்கர் வேலை, குவார்ட்டர்ஸ், பதினைந்து நாளில் வந்து சேர வேண்டும். கடை விலாசம் கொடுத்திருந்ததால் தபால்காரர் எல்லோர் முன்னாலும் நீட்டிவிட்டார். பழனியம்மாளிடம் மறைக்க முடியவில்லை. அவர் கோபிக்கவில்லை. போவதற்குள் கற்றுக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொல்லி, மறுநாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாய்லர் முன்னால் வந்து நின்றார்.

என்னைப் போல் ஒருவன் உருவாகப் பதினாலு வருடம் ஆகும் என்பது என் கணக்கு. பழனியம்மாளுக்கு நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் கவுண்டர் அந்த அம்மாள் போட்ட டீயைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். நான் இல்லாவிட்டால் கடை என்னாகும் என்று உள்ளூர ஒரு பெருமை வைத்திருந்தேன். அதுவும் போயிற்று. இனித் தாராளமாகக் கிளம்பலாம். சாரதா சாமான்களைக் கட்ட ஆரம்பித்தாள். எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. அங்கே நான் கலக்கும் டீயில் ஒரு கிளாஸைக்கூட ஒரு மனுஷனும் குடிக்கப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கட்டிய சாமான்களை நான் அவிழ்த்தேன். சாரதாவும் ஒரு முடிச்சை அவிழ்த்தாள்.

வர இயலாது என்று பாக்டரிக்கு எழுதிப் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்குப் போனேன். என் தியாகத்தைக் கேட்டுப் பழனியம்மாள் கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். நான் போகவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்றேன். அவர் ஆற்றுகிற கையை நிறுத்தாமல், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், தலையால் பின்பக்கத்தைக் காட்டினார்.

“அதுக்கென்னுங்ண்ணா, இருங்க. டீய நானே பாத்துக்கறனுங்க. ஆட்டாங்கல்லுக்குத்தான் ஆளில்லீங்க, மாவாட்ட வர்றீங்களா?”

பதவியில் ஏறினால் கழுத்து வலிக்கும், இறங்கினால் இடுப்பு வலிக்கும், இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல தூக்கம் வருவதென்னவோ இடுப்பு வலியில்தான்.