சென்னை என்று காட்டிய போன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் கணவர் சொல்லிச் சொல்லி இது ஊருக்கே தெரிந்துபோயிற்று. கள்ளக்குறிச்சியில் வீட்டில் இருந்தபடியே ஒரு கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிறேன். சாமை அரிசிக்கு ஆர்டர் போட்டுவிட்டு ஐந்து நாளாகப் பதிலே வரவில்லை என்றால் கோபம் வராமல் என்ன வரும்? கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், பன்னிரண்டு பெண்கள் குழுவாகச் சேர்ந்து சாமை, தேன், புளி விற்கிறார்கள். ஆர்டர் எல்லாம் போனில் மெசேஜ் செயலி வழியாகத்தான். சண்டை போட்டுவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஊருக்குள் சிக்னலே கிடையாது. பஸ் திரும்புகிற வளைவில், ஒரு பலா மரத்தடியில் மட்டும் இரண்டு கோடு வரும். காட்டு வேலை முடிந்து வந்து அங்கே நின்றுகொண்டு போனைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே நம்பர் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன்.

"அதெப்டி? என் தேனுக்கு என் நம்பரு, அவ புளிக்கு அவ நம்பரு. நல்லா இல்லன்னா அப்புறம் யாரைத் திட்டுவீங்க?" என்றார் ஒரு அக்கா. ஐம்பது வயதிருக்கும். திட்டத்தான் போயிருந்தேன். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

சும்மா இருக்க முடியாமல் நானே ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பைத்தான் என்கிற கணினி மொழியில் இதற்கென்றே ஒரு லைப்ரரி, அதாவது ஆயத்தமாக எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பு, இருக்கிறது. யாரோ புண்ணியவான் எழுதி இலவசமாகப் போட்டிருக்கிறான். ஒருவருடைய கணக்கில் ஒருமுறை லாகின் செய்துவிட்டால் அந்த இணைப்பை அப்படியே ஒரு சின்ன ஃபைலாக வைத்துக்கொள்ளும். அதற்கு செஷன் என்று பெயர். பன்னிரண்டு பேருடைய செஷனையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கும். ஒன்றில் பதில் வரத் தாமதமானால் அதற்காக வாய் பார்த்துக்கொண்டு நிற்காது, அடுத்ததைக் கவனிக்கப் போய்விடும். உலை கொதிக்கிற வரை நாம் வெங்காயம் நறுக்குவதில்லையா, அது மாதிரி.

லாகின் செய்ய அவரவர் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதை எனக்குச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேரும் சொல்லி வைத்தாற்போல் அந்த எண்ணை அதே செயலியிலேயே எனக்கு அனுப்பினார்கள். அப்படி அனுப்பினால் ஏதோ திருட்டு வேலை என்று செயலி அந்த எண்ணை உடனே செல்லாததாக்கிவிடும். நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மறுநாள் பலா மரத்தடியிலிருந்து போன் செய்து, ஒவ்வொருவராக உரக்கப் படித்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். ஆனால் வேலை நடந்தது. அன்றிலிருந்து என் லேப்டாப் ஆர்டர்களைத் திரட்டும், நான் ஒரு சீட்டில் எழுதி மலைக்குப் போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுப்பேன்.

அந்த அக்காவின் கணக்கில்தான் ஒரு விநோதம். ஆர்டர்களைவிடக் குரல் பதிவுகள் அதிகம். அத்தனையும் அவர் நம்பரிலிருந்து அவர் நம்பருக்கே போயிருந்தன. நான் எதையும் திறந்து கேட்கவில்லை. அடுத்த முறை மலைக்குப் போனபோது கிண்டலாகச் சொன்னேன்.

"இன்னாக்கா, உங்க நம்பருக்கு நீங்களே பேசிக்கினு இருக்கீங்க?"

"அது என் புள்ள நம்பரு பாப்பா."

மகனுடைய கல்யாணப் பேச்சில் ஏதோ சண்டை. "இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத" என்று இவரே சொல்லிவிட்டிருக்கிறார். மகன் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் போனோடு கிளம்பிப் போய்விட்டான். ஒன்றரை வருஷமாகிறது. எங்கே இருக்கிறான், புது நம்பர் என்ன, ஒன்றும் தெரியாது. அந்த சிம்மைத்தான் அக்கா தன் போனில் போட்டுக்கொண்டிருக்கிறார். அவனுடையது என்று அவரிடம் இருந்தது அந்த நம்பர் ஒன்றுதான் என்பதால், நாள் தவறாமல் அதற்கே பேசி அனுப்பிக்கொண்டிருந்தார். கன்று போட்டது, மழை பெய்தது, இன்றைக்கு வைத்த குழம்பு எல்லாம்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மேதாவி மாதிரி விளக்கினேன். "தன் நம்பருக்குத் தானே அனுப்புனா, அது டைரி எழுதற மாதிரிக்கா. இங்கயே கிடக்கும். யாருக்கும் போவாது."

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருக்குமேவா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அந்தக் கணக்கில் ஒரு குரல் பதிவும் வரவில்லை. லேப்டாப்பைத் திறக்கிறபோதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு பாதுகாப்புச் சோதனை செய்தேன். ஒரு கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியலை அந்த லைப்ரரி எடுத்துத் தரும். ஒவ்வொருவருக்கும் அவர் போன், என் லேப்டாப் என்று இரண்டுதான் இருக்க வேண்டும். அக்காவின் கணக்கில் மூன்று இருந்தன. மூன்றாவது ஒரு பழைய போன், ஊர் சென்னை, கடைசியாகத் திறந்தது அன்று காலை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எவனோ ஒரு திருட்டுப் பயல் சென்னையில் உட்கார்ந்துகொண்டு இந்த வெள்ளந்தி மனுஷியின் கணக்கில் புகுந்திருக்கிறான்! அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே வரியில் அந்த இணைப்பை வெட்டிவிட்டேன். வெட்டிவிட்டு, கணவரிடம் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா போன் செய்தார். பின்னால் பஸ் உறுமுகிற சத்தம் கேட்டது.

"பாப்பா, எம்புள்ள வந்துட்டான்!"

அவன் சென்னையில் இல்லை. மலைக்குக் கீழே மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான். கீழே உள்ளவனையும் சில நேரம் சென்னை என்றுதான் காட்டும். செயலி காட்டுவது ஆள் இருக்கிற ஊரை அல்ல, நெட் கம்பெனியின் விலாசத்தை. பத்து வருஷமாக இதே தொழில் செய்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். கோபத்தில் மறந்துவிட்டேன். சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு வேறு சிம் போட்டாலும் அந்தப் பழைய போனில் கணக்கு திறந்தபடியே இருந்திருக்கிறது. அம்மா தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட ஒவ்வொன்றும் அவன் போனுக்கும் போயிருக்கிறது.

"வந்ததும் வராததுமா சண்டைக்கு நிக்கிறான் பாப்பா. 'வாசப்படி மிதிக்காதன்ன, மிதிக்கல. தெனமும் பேசினியேன்னு கேட்டுக்கினு கெடந்தேன். பேசறதையும் நிறுத்திட்ட. இப்ப அதுலருந்தும் வெளிய தள்ளிட்டியா? அப்டி இன்னா பண்ணிட்டேன் நானு'ன்னு அழுவுறான். எல்லாம் கேட்டுருக்கான் பாப்பா. கன்னுக்குட்டி இன்னா ஆச்சுன்னு கேக்கறான்!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யாருக்கும் போகாது என்று சொன்னவள் நான். போய்க்கொண்டிருந்ததை வெட்டியவளும் நான். அதை மறைக்க மனசு வரவில்லை. "அக்கா, வெட்டுனது நான்தான். திருடன்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிக்கோங்க" என்றேன்.

மறுமுனையில் கெக்கெக்கே என்று சிரித்தார். "நீ தானா அது! நல்ல வேலை பண்ண போ. அவங்கிட்ட சொல்லிடாத."

"அவன் போன்ல திரும்பச் சேத்து வுட்டுடறேன்க்கா. இப்பவே பண்ணிடலாம், ஒரு நிமிஷ வேலை."

"ஐயோ, வேணாம் பாப்பா!" என்றார் அவசரமாக. "சேத்து வுட்டா, மறுபடியும் கீழ போயி அங்கயே குந்திக்கினு கேட்டுக்கினு இருப்பான். எங்குரலு கேக்கணும்னா வூட்டுக்கு வரட்டும்."