சாராய ஏலமும் நைனாவின் வேலையும்

ஆந்திராவில், எங்கள் சித்தூர் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் பிரசங்கத்தைவிட ஏலத்துக்குத்தான் கூட்டம் சேரும். காணிக்கையாக வந்த பூசணி, நிலக்கடலை, கோழி எல்லாம் ஏலம் போகும். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளைத் திரும்பவும் கோயிலுக்கே கொடுத்துவிடுவார். ஒரே பூசணி நாலைந்து வீட்டுக்குச் சொந்தமாகி, மறுபடி மேசைக்கே வந்து உட்காரும். சபைக் கணக்கில் விழுகிற துண்டை அப்படித்தான் அடைத்தோம்.

ஏலம் போடுவது நைனா, என் அப்பா. அரசாங்க ஆபீஸில் வாய் திறக்காத குமாஸ்தா, அன்றைக்கு மட்டும் ராஜா.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பண்டிகை, சட்டசபைத் தேர்தல் நேரத்தில் வந்தது. ஓட்டுக் கேட்க வந்த இரண்டு வேட்பாளர்களும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நைனா பூசணியைத் தூக்கிக் காட்டி, "கவர்மென்ட் பட்ஜெட்டுலயும் துண்டு வுழுதுன்னு சொல்லிக்கினு கீறாங்க. நாங்க பூசணி வித்து அடைக்கிறோம். நீங்க இன்னாத்த வித்து அடைப்பீங்க?" என்று கேட்டார். சபை சிரித்தது.

பழைய எம்.எல்.ஏ. தெலுங்கில் தாராளமாகப் பதில் சொன்னார். சாராயக் கடைகளை இன்னும் கொஞ்சம் கூட்டி ஏலம் விட்டால் போதுமாம். குடியைத் தொடமாட்டோம் என்று பீடத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்த சபை எங்களுடையது. பாவம், அதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

புதியவர் கெட்டிக்காரர். சாராயக் காசு தனக்கு வேண்டாம், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினால் சம்பளம் மிச்சமாகும் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நைனா ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தார். நான் திருப்பதி காலேஜில் சேர்ந்திருந்த வருஷம் அது. என் ஹாஸ்டல் சாப்பாடு அவர் சம்பளத்தில்தான். பெண்கள் பக்கத்தில் அம்மா கைகளை மடியிலேயே வைத்திருந்தாள். கைதட்டியவர்கள் எல்லார் மேலும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகவே கேட்டாள். "ஓட்ட அந்த சாராயக்காரனுக்கே போட்டுட்டுப் போங்களேன். நம்ம பொண்ணு படிப்பு இன்னா ஆவறது?"

"ஒன் தம்பி குடிச்சிக்குடிச்சி எப்டி கீறான்னு பாத்துக்கினுதானே கீறே? இன்னும் கடை தொறந்தா அவன் தாங்குவானா?"

மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

நைனா புதியவருக்கே ஓட்டுப் போட்டார். அவரே ஜெயித்தார், ஆட்சியும் அவர் கட்சிக்கே போனது. சில மாதங்களில் நைனாவை மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். என் படிப்பு எப்படியோ நின்றுபோகாமல் தப்பியது, அம்மாவின் நகைகள்தான் தப்பவில்லை.

அப்படியும் பட்ஜெட்டில் துண்டு விழுவது நிற்கவில்லை. அடுத்த வருஷமே சாராயக் கடைகளையும் கூட்டி ஏலம் விட்டார்கள். ஒன்று எங்கள் தெருமுனையிலேயே திறந்தது.

நைனாவுக்கு இப்போது நேரம் நிறைய இருந்தது. சாயங்காலமானால் அந்தக் கடைக்குப் போய், மாமாவைத் தோளில் சாய்த்து வீட்டுக்குக் கூட்டிவருவார். வேலை போனபோது அழாத அம்மா, அவர்கள் இருவரும் அப்படி வருவதைப் பார்த்துத்தான் அழுதாள்.