எனக்கு மறுக்கப்பட்ட ஊசி

சகோதரிகளே, நான் காத்தான்குடியில் வீட்டிலிருந்து பெண்கள் உடுத்தும் அபாயா தைக்கிறவள். பதினொரு வருடமாக எனக்குச் சொரியாசிஸ். தைக்கும்போது கையிலிருந்து வெள்ளைச் செதில் கறுப்புத் துணியில் உதிரும். ஒருவர் என் முன்னாலேயே துணியை உதறிப் பார்த்துவிட்டு, தைக்கக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். அழக்கூட எனக்கு அலுத்துவிட்டது.

நான் பூசாத களிம்பு இல்லை. நாட்டு எண்ணெய், பத்தியம், ஓதிய தண்ணீர், எல்லாம் பார்த்தேன். ஒரு மாதம் அடங்கும், மறுமாதம் இரட்டிப்பாக வரும். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது வெடித்த இடமெல்லாம் எரியும். கண்ணூறு என்றார்கள். ஏதோ பாவத்தின் கூலி என்றார்கள். உங்களில் சிலரும் சொன்னீர்கள். அப்போது எனக்கு உங்கள் மேல் கோபம்தான்.

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு, டவுனில் நான் காட்டும் தோல் டொக்டர் அம்மா ஒரு விஷயம் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடுமாறித் தோலைத் தாக்குவதால்தான் இந்த நோய். அதை அடக்கும் புது ஊசி ஒன்றைப் பரிசோதிக்கிறார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாதாம். என் கணவர் தயங்கினார். நான் அங்கேயே கையொப்பம் வைத்தேன்.

அன்றிலிருந்து ஐந்து வேளையும் ஒரே துஆ. யா அல்லாஹ், அந்த ஊசியை எனக்குத் தா.

இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். இரண்டு கிழமையில் போன் வந்தது. என்னைச் சேர்க்க முடியாதாம், டொக்டரை வந்து பார்க்கட்டுமாம். லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். துஆவுக்குக் கை எழவில்லை.

"டொக்டர் வரச் சொன்னவதானே. போய்க் கேப்பம் புள்ள" என்றார் கணவர்.

"இன்னும் என்னத்தக் கேக்க மச்சான்? அல்லாஹ்வே ஏலாதெண்டுட்டான்" என்றேன். சொன்ன பிறகு நானே பயந்துபோனேன்.

மறுநாள் அவர்தான் என்னை இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். டொக்டர் இரத்தப் பரிசோதனை முடிவையும் படத்தையும் காட்டினார்.

"உங்கட நெஞ்சுக்குள்ள காசநோய்க் கிருமி சத்தமில்லாமக் கிடக்குது. இப்ப நோயொண்டுமில்ல, ஆருக்கும் தொத்தாது. ஆனா இந்த ஊசி எதிர்ப்புச் சக்திய அடக்குறதுதானே. போட்டிருந்தா அது எழும்பியிருக்கும்."

எனக்கு இருமலே இருந்ததில்லை. ஊசி கேட்டு அந்தப் பரிசோதனைக்குப் போகாவிட்டால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

ஆனாலும் உடனே மனம் ஆறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அந்தக் கிருமியைக் கொல்ல மாதக்கணக்கில் குளிசை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. தோலும் ஆறவில்லை. குறைபட்டுக்கொண்டேதான் விழுங்கினேன். முடிந்ததும் பரிசோதனையின் அடுத்த தொகுதியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் மூன்று ஊசிக்கும் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு வெறும் ஊசிதான் விழுந்தது என்று வீட்டில் எரிந்து விழுந்தேன். நாலாவதற்குப் பிறகு முதுகு அடங்கியது. பிறகு கைகள். முழங்கையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

எனக்குப் போனது மருந்துதானா என்று பரிசோதனை முடியும்வரை சொல்லமாட்டார்கள். சுகத்தைத் தந்தவன் யார் என்று எனக்குத் தெரியும். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது நோயாளியைப் பார்த்தால் பாவம், கண்ணூறு என்று நான் வாய் திறப்பதில்லை. அவர்களுக்குத் துணையாகக் கிளினிக்குக்குப் போகிறேன். உங்களுக்கும் சொல்கிறேன். அவனிடம் கேளுங்கள். பொறுமை இல்லாவிட்டால் பொறுமை இல்லாமலே கேளுங்கள். நான் கோபத்தோடு கேட்டதையும் அவன் தள்ளிவிடவில்லை.