அவிழ்த்துப் போட்ட துணி

சுருளிலிருந்து அவிழ்த்து, மேசைமேல் மடிப்பு மடிப்பாகத் தளர்த்திப் போட்ட வெள்ளைப் பனியன் துணி. கட்டிங் ஹாலின் மத்தியான வெளிச்சம் அதன்மேல் படுத்துக் கிடக்கிறது. அண்ணி உள்ளங்கையை அதில் வைத்தபடி நிற்கிறார். இழுக்கவில்லை, தடவவும் இல்லை, சும்மா வைத்திருக்கிறார். அண்ணி என்றதும் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான்.

திருப்பூரில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுருளுக்குள் இழுபட்டு வந்த பின்னல் துணியை உடனே வெட்டக் கூடாது. ஒரு நாளாவது அவிழ்த்துப் போட்டு ஆறவிட்டால்தான் அது சுருங்கித் தன் அசல் அளவுக்கு வரும். எங்கள் அண்ணன் கட்டிங் மாஸ்டர். ஆறாத துணியில் எவராவது கத்தியை வைத்துவிட்டால் கம்பெனி முழுக்கக் கேட்கும்படி சத்தம் போடுவார். அண்ணியும் நானும் அதே ஹாலில்தான் வேலை பார்த்தோம்.

அண்ணிக்கு முதலில் ஒரு கண் மங்கியது, அப்புறம் இடது கால் மரத்தது. கோயமுத்தூர் டாக்டர் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்றார். நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துவிடுகிற நோயாம். மருந்தில் கண்ணும் காலும் தேறின. களைப்பு மட்டும் போகவில்லை. குளித்துவிட்டு வந்தால் தலை துவட்டக் கை எழாமல் கட்டிலோரம் உட்கார்ந்துவிடுவார். தூங்கி எழுந்தாலும் தீராது; வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். காய்ச்சலென்றால் தொட்டுப் பார்க்கலாம், இதை எப்படிக் காட்டுவது? "வேலை செஞ்சா எல்லாருக்கும்தான் அசதி," என்று அண்ணன் போகிற போக்கில் சொல்லிவிடுவார். கட்டினவர் தன்னைச் சோம்பேறி என்று நினைத்துவிட்டாரே என்பதுதான் அண்ணிக்கு நோயைவிடப் பெரிய வேதனை.

டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "களைப்புக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க? பத்துன்னா எந்திரிக்கவே முடியாதுன்னு அர்த்தம்." எங்கள் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அது ஆளைக் கொன்றுவிடும். உயிர் போனாலும் "பரவால்லீங்க" என்றுதான் வாயில் வரும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்காகவே முந்தின நாளெல்லாம் படுத்துக் கிடந்து தெம்பைச் சேர்த்துக்கொண்டு, நல்ல சேலை கட்டி, பூ வைத்து, பக்கத்தில் அண்ணன் இருக்க, அண்ணி சிரித்துக்கொண்டே சொல்வார்: "ரெண்டு இருக்கும்ங்க." அப்படியானால் களைப்புக்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம் என்று டாக்டரும் சந்தோஷமாக அனுப்பிவிடுவார். கூடப் போகிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை அப்படித் திரும்பி வருகையில் அவிநாசியில் டீ குடிக்கக் காரை நிறுத்தினோம். அண்ணியால் இறங்க முடியவில்லை. ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே, தலை சீட்டில் சாய்ந்திருந்தது. "டாக்டருகிட்ட நல்லாத்தான இருந்தே?" என்றார் அண்ணன். அண்ணி கண்ணைத் திறக்காமல், தூக்கத்தில் பேசுகிற மாதிரி மெல்லச் சொன்னார்: "அங்க நீங்க பார்த்தது சுருள்ல இருந்த துணிங்க. அவுத்துப் போட்டு அளந்து பாருங்க."

அண்ணன் கையில் டீ ஆறிக்கொண்டே இருந்தது. அவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த முறை முந்தின நாள் படுக்கை இல்லை, பூ இல்லை. வேலை முடிந்த கையோடு, பஞ்சுத்தூசி ஒட்டிய சேலையோடு சாயங்காலம் கூட்டிப்போனார். டாக்டர் கேட்டார். அண்ணி, அண்ணன் முகத்தைப் பார்த்துத் தயங்கி, "ஏழு போடலாங்க," என்றார்.

"ஒம்பதுன்னு சொல்லு புள்ள," என்றார் அண்ணன். அண்ணி அழுதுவிட்டார். நானும்தான்.

களைப்பு இன்றைக்கும் இருக்கிறது. அண்ணி காலையில் மட்டும் வேலைக்குப் போகிறார். மத்தியானம் திரை போட்ட அறையில், உள்ளங்கையைப் பாயில் வைத்தபடி தளர்ந்து படுத்திருக்கிறார். முன்பெல்லாம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அடித்துப் பிடித்து எழுந்து காபி வைக்கப் போவார். இப்போது அந்த நேரத்தில் யார் வந்தாலும் அண்ணன் வாசல் கேட் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்:

"உள்ள துணி விரிச்சிருக்குதுங்க. ஆறட்டும், சாயங்காலமா வாங்க."