டிரைவரம்மா ஓட்டிய தூரம்

அந்தத் தெருவில் அவளுக்கு டிரைவரம்மா என்று பெயர். லைசென்ஸ் கிடையாது, சாலையில் ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை. கணவர் பழைய ஜீப்புகளுக்குப் பட்டை ஸ்பிரிங் வேலை பார்க்கும் மெக்கானிக். அவர் வண்டிக்கு அடியில் படுப்பார், அவள் ஸ்டியரிங் முன்னால் உட்காருவாள். அவர் சொல்கிறபடி ஒரு சாண் முன்னே, ஒரு சாண் பின்னே.

"அண்ணி, கல்யாணமானதுல இருந்து நீங்க ஓட்டுன தூரத்தையெல்லாம் கூட்டுனாலும் தெருமுனை வராது" என்பார் பக்கத்து டயர் கடைக்காரர்.

"உன் டயர நம்பி ஓட்டுனா அதுவே அதிகம் தம்பி" என்பாள். வாயாடி.

இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய அந்த ஸ்பிரிங் வண்டியில், இடிக்கிற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பின்சக்கரத்துப் பக்கம் இடித்தால் டிரைவர் காலடியில் கேட்கும். இரும்புச் சட்டம் சத்தத்தைக் கடத்திவிடும். கேட்ட இடத்தில் ரப்பர் புஷ்ஷை மாற்றித் தள்ளிவிடுகிற மகானுபாவர்கள் உண்டு, வண்டி மறுநாளே டொக் என்னும். இவர் அப்படியில்லை. அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். மேலே இருப்பவர் பிரேக்கை மிதித்தபடி கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வண்டியை முன்னும் பின்னும் முறுக்க வேண்டும். அவருடைய உயிர் அவளுடைய பாதத்தில் இருந்தது. அதைப் பற்றி இருவருமே ஒருநாளும் யோசித்ததில்லை.

பிறகு அவளுக்கு மறதி வந்தது. பல வருஷமாக வந்துபோகிற வாடிக்கையாளரிடமே "வாங்க, யாரு நீங்க?" என்றாள். மகளுக்குப் போன் போட்டு, போட்ட காரணம் தெரியாமல் விழித்தாள். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், மருந்து எதுவும் சொல்லவில்லை. பழகிய வேலையைச் செய்யவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை மெக்கானிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவள் பழையபடி அவளாகவே இருந்தாள்.

"அண்ணே, அண்ணிய இனிமே சீட்ல ஏத்தாதீங்க" என்றார் டயர்க்காரர்.

"உன் வேலையப் பாத்துக்கிட்டு போ" என்று எரிந்து விழுந்தார் மெக்கானிக். பாவம், அவருக்கு வேறு என்ன பிடிமானம் இருந்தது?

மலைப்பாதையில் ஆள் ஏற்றுகிற பழைய ஜீப் ஒன்று வந்தது. கிளம்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் இடித்தது. பின்சக்கரங்களுக்கு அண்டைக் கட்டை கொடுத்துவிட்டு அவர் அடியில் போனார்.

"முன் கியர் போடு."

டொக்.

"இப்ப ரிவர்ஸ்."

டொக். இடது பக்கம் அச்சும் பட்டையும் சேருகிற இடத்தில் உள்ளங்கைக்குள் இரும்பு நகர்ந்தது. பட்டைகளை ஒன்றாகக் கோத்திருக்கும் நடு போல்ட் அறுந்திருந்தது.

"அகப்பட்டுச்சு! போதும், ஆஃப் பண்ணு."

அவள் இரண்டு காலையும் எடுத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். ரிவர்ஸ் கியரிலேயே இருந்த ஜீப் பின்பக்கமாக ஒரு துள்ளு துள்ளியது. டயர் கட்டையின் மேல் ஏறி, அவருடைய சட்டைக் கையைக் கவ்விக்கொண்டு, என்ஜின் அணைந்து நின்றது.

சட்டையைக் கிழித்துக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்தார். அவள் கதவோரம் நின்றாள்.

"எங்க போயிட்டீங்க? எவ்வளவு நேரமா தேடுறேன்!"

அவரால் கோபப்படக்கூட முடியவில்லை.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல் ஜீப்பில் ஏறப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ ஏற வேண்டாம்மா. இப்படி நாற்காலியில உக்காரு."

"ஏன்? நான் என்ன தப்பு பண்ணுனேன்?"

சொன்னால் நம்பியிருக்க மாட்டாள். அவள் முகம் சுருங்கிப் போனது. அடுத்த நாளும் ஏறப் போனாள், அதே கேள்வியைக் கேட்டாள், முதல் தடவை கேட்பதுபோலவே முகம் சுருங்கினாள். நேற்று பட்ட வலி அவளுக்கு நினைவில்லை. அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. தினம் தினம் அவளை வேலையைவிட்டு நிறுத்துகிற பாவம் அவர் தலையில் விழுந்தது. பிறகு ஒருநாள் அவள் ஏறப் போகவில்லை. அவருக்கு அதுதான் எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாததாக இருந்தது.

புது போல்ட் வந்து மாட்டி, பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டுகளை இறுக்கி முடித்ததும், கடைசியாக ஒரு தடவை பார்க்க டயர்க்காரரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார். மெக்கானிக் அடியில் படுத்துக் கையை வைத்தார். முன் கியர், ரிவர்ஸ், மறுபடி முன் கியர். சத்தமில்லை, அசைவில்லை.

அப்போது அவள் நாற்காலியிலிருந்து எழுந்து ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்றாள். அடியிலிருந்து அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"தம்பி, பாத்து மிதி" என்றாள் டயர்க்காரரிடம். "கால எடுத்துடாத. கீழ ஒரு மனுசன் படுத்திருக்காரு. யாரு பெத்த புள்ளையோ."

டயர்க்காரர் பிரேக்கை மிதித்தபடியே இருந்தார்.

"போதும் தம்பி, ஆஃப் பண்ணு" என்றார் மெக்கானிக். என்ஜின் நின்ற பிறகும் அவர் வெளியே வரவில்லை. அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டு அடியிலேயே கிடந்து அழுதார்.