அமலாவுக்கு நான் தேர்ந்தெடுத்த கதவு

என் ஓரகத்தி அமலா திருடியல்ல. அவளைத் திருடியாக்கியது நான்!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாதந்தோறும் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், பூசைக்குப் பிந்தி வந்தேன் என்று சில்லறைப் பாவங்களை ஒப்பித்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். இதை மட்டும் மறைத்துவிடுகிறேன்... நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தான் உங்களிடம் சொல்லத் துணிகிறேன்.

கொடைக்கானலில் எங்களுக்குக் கதவுக் கடை இருக்கிறது. இரும்புக் கதவு, மரக் கதவு, கடைகளுக்கான ஷட்டர் எல்லாம் விற்கிறோம். கதவு பொருத்த என் கணவர் மலையெங்கும் அலைவார். கடையில் உட்கார்ந்து எந்த வீட்டுக்கு எந்தக் கதவு சரிப்படும் என்று சொல்பவள் நான். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. பெருமைக்காகச் சொல்லவில்லை, நான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

வருகிறவர்கள் முதலில் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு எத்தனை பூட்டு என்று கேட்பார்கள். லாட்ஜ் கட்டுகிற முதலாளியானாலும் சரி, கூக்கால் கிராமத்தில் பூண்டு போடுகிற விவசாயியானாலும் சரி, இதே கதைதான். நான் அவர்களைப் பூட்டுப் பக்கத்திலிருந்து கீல் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போவேன்.

எங்கள் மலையில் சாரல் அடிக்கிற பக்கத்துக் கதவை வெளியே திறக்கும்படிதான் வைப்பார்கள். காற்று தள்ளத் தள்ளக் கதவு நிலைச்சட்டத்தோடு இறுகும். தண்ணீர் உள்ளே வராது. ஆனால் அப்படி வைத்தால் கீல் வெளியே நிற்கும். அதன் நடுக்கம்பியைத் தட்டி உருவிவிட்டால், பூட்டைத் தொடாமலே கதவைப் பெயர்த்துவிடலாம். இதற்காகவே கீல் பக்கமும் இரும்பு முளை வைத்த கதவுகள் வருகின்றன. சாத்தினால் முளை நிலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கம்பியை உருவினாலும் கதவு அசையாது.

ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். அமலாவுக்குச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை?... பொறாமை. வேறென்ன!

மாமனார் இறந்தபின் கடை எங்களுக்கும் பழைய வீடு கொழுந்தனுக்கும் என்று பிரிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. அத்தை, அதுதான் என் மாமியார், அந்த வீட்டிலேயே அமலாவோடு தங்கிக்கொண்டார். அங்கேதான் என் வயிறு எரியத் தொடங்கியது. மூத்த மருமகளாக அந்த வீட்டுக்குள் வந்தவள் நான். அத்தைக்குக் கால் முறிந்து கிடந்தபோது பார்த்தவள் நான். ஆனால் அலமாரி முதல் கொல்லைக் கதவு வரை எல்லாச் சாவியும் கோத்த கொத்து, அமலாவின் இடுப்புக்குப் போனது.

“நீ கடையப் பாரு தாயி, வீட்ட அவ பாத்துக்கிருவா” என்றார் அத்தை. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

அமலா அந்த வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டாள். சென்னையிலிருந்து வந்தவர்கள் அவள் கையால் பிளம்ஸ் ஜாம் வாங்கி, அவளோடு நின்று படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் ஜாம் கிண்டினேன். அடிப்பிடித்தது. அத்தை ஒரு துளி நக்கிப் பார்த்துவிட்டு, “அமலாட்ட கேட்டுப் பண்ணியிருக்கலாம்ல?” என்றார். அன்று முழுக்க நான் பேசவில்லை. நான் பேசவில்லை என்பதை யாரும் கவனிக்கவுமில்லை.

அவள் மேல் ஒரு குறை சொல்லக்கூட இடமில்லை, அதுதான் கொடுமை. ‘அக்கா, அக்கா’ என்று என்னைச் சுற்றிவருவாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

ஒரு நாள் கடைக்கு வந்தாள். கொல்லைப்புற மரக் கதவு மழையில் ஊறி உப்பிவிட்டது, மாற்ற வேண்டும் என்றாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. திருடன் வராத கதவா நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க. அத்தையோட தாய்வீட்டு நகையெல்லாம் அந்தக் கொல்லப் பக்க ரூம்லதேன் கெடக்கு.”

முளை வைத்த கதவு கடையிலேயே நின்றது, அவள் தோளுக்குப் பின்னால். பக்கத்தில் முளை இல்லாத கதவும் நின்றது. இரண்டும் ஒரே நிறம், ஒரே கனம். நான் முளை இல்லாததைக் காட்டினேன். பெரிய பூட்டு வைத்தது. அவள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

திருடன் வரட்டும் என்று நினைத்தேனா? இல்லை... சத்தியமாக இல்லை. எல்லாவற்றிலும் நல்லது அவளுக்கே போகிறதே, இந்த ஒன்றிலாவது குறைந்தது போகட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். எத்தனை அற்பம் பாருங்கள்! முளை வைத்ததை என் வீட்டுக் கொல்லையில் மாட்டிக்கொண்டேன். கதவு பொருத்தப் போகும்போது என் கணவர், “இதுல முளை இல்லையே?” என்று கேட்டார். அமலா இதுவே போதும் என்றுவிட்டாள் என்று சொன்னேன்.

பாச்சலூரில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். அன்று சுற்றுலா அறைகளும் காலி. குடும்பத்தோடு போய்விட்டு மாலையில் திரும்பினோம். வீடு பூட்டியபடியே இருந்தது. உள்ளே அலமாரியை நெம்பித் திறந்திருந்தார்கள். அத்தையின் நகை ஒன்றுகூட இல்லை.

போலீஸ் வந்தது. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. இரண்டு கதவுகளிலும் பூட்டு உடையவில்லை. கதவு விற்றவள் என்பதால் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, இந்தக் கதவச் சாவியில்லாமத் தொறக்க முடியுமா?” என்று கேட்டார்கள்.

நான் கொல்லைப் பக்கம் போனேன். கீலின் அருகில் பெயிண்ட் புதிதாகச் சுரண்டியிருந்தது. மேல் கீலில் நடுக்கம்பி முழுதாக இறங்காமல் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. உருவியவன், போகிறபோது அவசரத்தில் அரைகுறையாகச் செருகிவிட்டுப் போயிருக்கிறான். ஒரே பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அந்தக் கம்பியைக் கட்டைவிரலால் அழுத்தி இறக்கினேன். முந்தானையால் துடைத்தேன்.

“முடியாது சார். சாவி வேணும்” என்றேன்.

கடையின் பெயர் கெட்டுவிடும் என்று பயந்துதான் அப்படிச் சொன்னேன்... இப்படித்தான் எனக்கு நானே பல காலம் சொல்லிக்கொண்டேன். பொய்! அழுத்துகிற அந்த நொடியில் கடை என் நினைவிலேயே இல்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்பது மட்டுமே இருந்தது.

சாவி அமலாவிடம் இருந்தது. பண்ணைக்காட்டில் ஜீப் ஓட்டுகிற அவள் தம்பி அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. ஊருக்கு இது போதாதா? அக்காள் மாற்றுச் சாவி கொடுத்தாள், தம்பி அள்ளிக்கொண்டு போனான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் விசாரித்தார்கள். ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். என் கணவர்கூடக் கீலைப் பார்த்துவிட்டு, கம்பி சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார். உண்மைத் திருடன் இன்றுவரை அகப்படவில்லை. எப்படி அகப்படுவான்? அவனுடைய தடயத்தைத் துடைத்தவள் நானல்லவா!

அத்தை கத்தவில்லை. அமலாவிடம் கையை மட்டும் நீட்டினார். அவள் இடுப்பிலிருந்து கொத்தை எடுத்துக் கொடுத்தாள். அத்தை அதை வாங்கி, எல்லார் முன்னாலும் என் கையில் வைத்தார்.

சொல்லவே கூசுகிறது... எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கொழுந்தனும் அமலாவும் பண்ணைக்காட்டுக்குக் குடிபோனார்கள். நாங்கள் பழைய வீட்டுக்கு வந்தோம். பஸ் ஏறும் முன் அமலா கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊரே என்னையக் கள்ளிங்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லல பாருங்க... அது போதும்க்கா எனக்கு” என்றாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லாததுதான் அவளைக் கொன்றது என்று எப்படிச் சொல்வேன்? “பாத்துப் போ” என்று மட்டும் சொன்னேன். சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது.

இப்போது அத்தை படுத்த படுக்கையாகிவிட்டார். குளிப்பாட்டுவதும் கஞ்சி ஊட்டுவதும் நான்தான். நான் ஆசைப்பட்ட எல்லாம் என்னிடம் வந்துவிட்டது. வீடு, சாவி, அத்தை... ஆனால் கண் திறந்திருக்கும் நேரமெல்லாம் அவர் வாயில் வருவது ஒரே பேர்தான்.

“அவ எடுத்திருந்தாலும் எடுத்துட்டுப் போறா. நகை என்னத்துக்கு எனக்கு? அமலாவ ஒரு தடவ வரச்சொல்லு தாயி. வெரசா வரச்சொல்லு.”

திருடி என்று நம்பிய பிறகும் அவள்தான் வேண்டுமாம்! கேட்டதும் எனக்கு மறுபடியும் அதே எரிச்சல். இத்தனை நடந்த பிறகும், இத்தனை தெரிந்த பிறகும்! நான் என்ன பிறவி?

பண்ணைக்காட்டுக்கு ஒரு போன் போட்டால் போதும். அடுத்த ஜீப்பிலேயே ஓடி வந்துவிடுவாள், எனக்குத் தெரியும். வந்தால் அத்தை அவள் முகத்தைத் தடவி மன்னித்துவிடுவார், அதுவும் தெரியும். செய்யாத குற்றத்துக்கு அவளுக்கு மன்னிப்பு கிடைக்கும். செய்த எனக்கு?...

இன்று காலையும் கேட்டார். கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“போன் பண்ணிட்டேன் அத்தை. வரமாட்டேன்னு சொல்லிட்டா.”

நான் போன் செய்யவே இல்லை.

அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். நான் துடைத்துவிட்டேன். துடைக்கும்போது என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? இரக்கம் இல்லை, பயம் இல்லை. எனக்காக இவர் ஒரு நாளாவது இப்படி அழுதிருக்கிறாரா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.