மழையில் நீட்டிய கை

மழை பெய்தால் என் மனைவி எஸ்தர் வீட்டுக்குள் இருக்க மாட்டாள். மாடி அறையிலிருந்து இறங்கி, கீழே கூரையைத் தூண்கள் தாங்கும் அஞ்சடி நடைபாதையின் ஓரத்துக்குப் போவாள். இடது கையால் தூணைக் கட்டிக்கொண்டு வலது கையை மழைக்குள் நீட்டுவாள். மழை விடும்வரை அப்படியே நிற்பாள்.

அன்பானவர்களே, நான் தமிழ் நாளிதழ் ஒன்றில் செய்தி எழுதுகிறவன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிப் பழகியவன். என் ஜெபத்துக்கு வந்த பதிலையும் அப்படியே சொல்லப் பார்க்கிறேன்.

1954 டிசம்பரில் சிங்கப்பூரின் கேலாங் பக்கம், ஓலை வேய்ந்த எங்கள் அத்தாப்பு வீட்டை வெள்ளம் கொண்டுபோனது. நான் அலுவலகத்தில் இருந்தேன். எஸ்தர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ரம்புத்தான் மரத்தில் ஏறித் தப்பித்தாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் மினா தப்பவில்லை. "மாது ஒருவர் மூழ்கினார்" என்ற வரியை எழுதியவன் நான்தான். பிறகு தேக்கா பக்கம் இந்த மாடி அறைக்குக் குடிவந்தோம். இங்கே பெய்த முதல் மழையிலேயே அவள் இறங்கிப் போய்விட்டாள்.

டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். கீழே தேநீர் விற்பவர், "அண்ணே, அக்கா மழைக்கு ஜோசியம் பாக்குதா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மழையைத் தொட ஆசைப்படுகிறவர்கள் உள்ளங்கையை மேலே காட்டுவார்கள். எஸ்தரின் உள்ளங்கை கீழே பார்த்திருந்தது. ஏன்? கேட்டால் பேசமாட்டாள். தூங்கும்போதும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். காலையில் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிடுவேன்.

ஒருநாள் மழையில் அவள் தெருவுக்கே இறங்கிவிட்டாள். ஒரு லாரி மயிரிழையில் விலகிப் போனது. அவள் அண்ணன் வந்து, "மச்சான், இப்படியே விட்டா ஒருநாள் அடிபட்டுச் சாவா. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்க. அடுத்த வாரம் நானே வண்டி கொண்டாறேன்" என்றார். அன்று முழங்காலில் நின்று, "ஆண்டவரே, அந்த வெள்ளத்தை இவள் மறக்கும்படி செய்யும்" என்று அழுதேன். வேறு எதையும் கேட்கத் தெரியவில்லை.

எங்கள் ஜெபக்கூட்டத்தில் எஸ்தர் பலமுறை சாட்சி சொல்லியிருக்கிறாள். எப்போதும் ஒரே வார்த்தைகள்தான். "தண்ணீர் ஏறியது. மரத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். கர்த்தர் என்னைக் காப்பாற்றினார்." அந்தக் கடைசிச் சொல் வந்ததும் "அல்லேலூயா" என்போம். சகோதரி ரூபியின் கஞ்சிரா முழங்கும், பாட்டு தொடங்கிவிடும். ரூபி பள்ளி ஆசிரியை. உடம்பும் பெரிது, குரலும் பெரிது. நம் சபைகளில் இதுதானே வழக்கம்? மீட்பு என்ற சொல் வந்தால் சாட்சி முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறோம்.

வண்டி வரவேண்டிய அந்த வாரத்துச் சனிக்கிழமை மாலை நல்ல மழை. சிராங்கூன் சாலையில் தண்ணீர் நின்றது. போதகர் வரமுடியவில்லை. கூட்டம் எங்கள் அறையில் என்பதால் எஸ்தரும் நானும் இருந்தோம். இன்னும் சிலர் நனைந்துகொண்டே வந்தார்கள். ரூபியின் கஞ்சிராத் தோல் ஈரத்தில் தொய்ந்து, தட்டினால் சத்தமே வரவில்லை.

எஸ்தர் எழுந்து சாட்சி சொன்னாள். "கர்த்தர் என்னைக் காப்பாற்றினார்."

ரூபி கஞ்சிராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் பாட்டை எடுக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. எஸ்தர் உட்காரவில்லை.

"மினாவை ஏன் காப்பாத்தலை?" என்றாள்.

ரூபி கஞ்சிராவைக் கீழே வைத்தார். "மினா யாரும்மா?"

அப்போதுதான் எஸ்தர் சொன்னாள். மினா மரத்தருகே இருந்த துணி காயப்போடும் கம்பத்தைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். மலாயில் "கை கொடு, எஸ்தர்" என்று கூப்பிட்டிருக்கிறாள். "நான் ரெண்டு கையாலயும் கிளையைக் கட்டிக்கிட்டு இருந்தேன். எடுக்கணும்னு நினைச்சேன். கை என் பேச்சைக் கேக்கலை அக்கா. கம்பம் சாஞ்சுடுச்சு."

தேவ சித்தம் என்று சொல்ல என் வாய் வரை வந்தது. ரூபி முந்திக்கொண்டார். "அந்த மினா எப்படி இருப்பா?"

"வாயாடி. என் சாம்பாருல சீனி போடச் சொல்லி சண்டை பிடிப்பா." சொல்லிவிட்டு எஸ்தர் சிரித்தாள். வெள்ளத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. உடனே அழுதாள்.

மழை வலுத்தது. வழக்கம்போல எழுந்து கீழே இறங்கினாள். நானும் எழுந்தேன். "நீங்க இருங்கண்ணே, நான் போறேன்" என்றார் ரூபி.

சன்னல் வழியாகப் பார்த்தேன். இடது கை தூணில் இருந்தது. வலது கை மழைக்குள் நீண்டிருந்தது. ரூபி நடைபாதையிலிருந்து தெருத் தண்ணீருக்குள் இறங்கினார். திரும்பி நின்று, கீழேயிருந்து தன் கையை உயர்த்தினார். எஸ்தர் அதைப் பிடித்தாள். பிறகு தூணை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் இழுத்தாள்.

"மெதுவா இழுடி, கை கழண்டுடும் லா!" என்று ரூபி கத்தியது மாடிவரை கேட்டது.

வண்டியோடு வந்த அண்ணனை எஸ்தரே தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தாள். பிறகு கேலாங்கில் மினாவின் தாயாரைப் பார்க்கப் போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது அவள் கையில் ஒரு பொட்டலம் மிளகாய்ச் சம்பல் இருந்தது.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். இப்போதும் சில மழைக்கு இறங்கிப் போகிறாள், ஆனால் தூணைப் பிடிப்பதில்லை. விரித்த கையோடு தூங்குகிறாள். மறதியைத்தான் நான் கேட்டேன். ஆண்டவர் அதைத் தரவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை எங்களைப் பேசாமல் இருக்கவைத்தார். அவருக்கு நன்றி சொல்லி முடியவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் கைவிடாதீர்கள். ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். பதில் நீங்கள் நினைத்த பக்கத்திலிருந்து வராமல் போகலாம்.

என் சாட்சி இவ்வளவுதான். பாட்டைத் தொடங்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். இங்கே யாருக்காவது இன்னும் சொல்ல மீதி இருக்கலாம்.